பைக் ஓட்ட யார் பழக்கினது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல். எழுதிய, அல்லது எழுதப்போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து நேரம் எடுத்துக் கடைசி வரை வாசியுங்கள்.

போன தவணை 11ஆம் தரத்தில் வரலாறு பாடம் முடியப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. சும்மா ஒரு கேள்வி கேட்டோம். "யாருக்கெல்லாம் பைக் ஓட்டத் தெரியும்?" ஆண்பிள்ளைகள் பக்கம் கிட்டத்தட்ட எல்லாக் கைகளும் உயர்ந்தன. பெண்பிள்ளைகள் பக்கமும் ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

அடுத்த கேள்வி. "யார் பழக்கினது?"

"காக்கா, சேர்."

"மாமா."

"வாப்பா தொழப் போன நேரம் எடுத்து, நானாப் பழகின சேர்."

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் எங்களிடம் படித்த வேறொரு பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. ஓ.எல். பரீட்சை முடிந்து இரண்டாவது கிழமை. கடைக்குச் சாமான் இறக்க வந்த லொறி ஒன்று வீதியில் பின்னுக்கு எடுத்தது. எதிரே வந்த பிள்ளை பிரேக் பிடித்தான். பைக் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "பிரேக் புடிச்சன் சேர், நிக்கல்ல."

அடுத்த நாள் அந்த இடத்தால் போனபோது பார்த்தோம். தாரில் ஒரேயொரு கறுப்புக் கோடு. பின் சில்லு மட்டும் இறுகி இழுபட்ட கோடு. முன் பிரேக்கை அவன் தொடவே இல்லை. "முன் பிரேக்கத் தொட்டா ஆளைத் தூக்கி எறியும்" என்று பழக்கியவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதே வசனத்தை எங்களுக்கும் மைதானத்தில் வைத்துச் சொன்னார்கள். நாங்களும் எங்கள் தம்பிக்கு அதையே சொல்லிக் கொடுத்தோம்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தான். காலுக்கு பிளேட் வைத்தார்கள். ஏ.எல். படிப்பு ஒரு வருடம் பிந்தியது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதில் கிடந்தது. பைக் பழக்குவது யாருடைய பொறுப்பு? மற்ற நாடுகள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கின்றன? அந்தப் பதிலுக்கு எப்படி வந்து சேர்ந்தன? தேடித் தேடி வாசித்தோம். வாசித்ததை இங்கே சொல்கிறோம்.

ஐந்து ஷில்லிங் கொடுத்தால் லைசன்ஸ்

கதை பிரித்தானியாவில் தொடங்குகிறது. இடப்பக்கம் ஓடுவதிலிருந்து எல் போர்ட் வரை நாம் பலதை எடுத்துக்கொண்டது அங்கிருந்துதான்.

1903இல் அங்கே மோட்டார் கார்ச் சட்டம் வந்தது. 1904 ஜனவரி 1 முதல் வாகனம் ஓட்டுபவர் லைசன்ஸ் வைத்திருக்க வேண்டும். அதை எடுப்பது எப்படி? உள்ளூர்ச் சபைக்குப் போய் 5 ஷில்லிங் கட்டினால் போதும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பரீட்சை இல்லை, பயிற்சி இல்லை. கார் ஓட்ட 17 வயது, மோட்டார் சைக்கிள் ஓட்ட 14 வயது. ஆம், 14!

அந்தக் காலத்து லைசன்ஸ் என்பது காசு கட்டியதற்கான ரசீதுதான். தவறு செய்தால் ஆளைக் கண்டுபிடிக்கவும், வேண்டுமென்றால் பறிக்கவும் ஒரு கடதாசி. ஓட்டுபவருக்குத் தெரிந்ததற்கும் அந்தக் கடதாசிக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

இப்படியே முப்பது வருடம் போனது. 1930இல் மோட்டார் சைக்கிளுக்கான வயதை 16 ஆக உயர்த்தினார்கள். ஆனாலும் பரீட்சை வரவில்லை. 1934இல் பிரித்தானிய வீதிகளில் இறந்தவர்கள் 7,343 பேர். இன்றோடு ஒப்பிட்டால் அப்போது அங்கு வாகனங்கள் மிகக் குறைவு. ஆனாலும் அத்தனை மௌத்து. அதன் பிறகுதான் சட்டம் அசைந்தது. 1935 ஜூன் 1 முதல் ஓட்டுநர் பரீட்சை கட்டாயமானது. 1934 ஏப்ரல் 1க்கு முன்பே ஓட்டத் தொடங்கியவர்களுக்கு விலக்கு. எல் போர்ட்டும் அப்போது வந்ததுதான்.

அந்த ஜூனுக்கு இரண்டரைக் கிழமை முன்பு

பரீட்சை கட்டாயமாவதற்கு இரண்டரைக் கிழமைகள் இருக்கும்போது, 1935 மே 13ஆம் திகதி, இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஒருவர் தனது புரோ சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். வீதியில் திடீரென்று சைக்கிளில் இரண்டு பையன்கள். அவர்களில் மோதாமல் தப்பப் பார்த்துத் தூக்கி வீசப்பட்டார். தலையில் அடி. ஆறு நாட்கள் நினைவில்லாமல் கிடந்து மே 19இல் இறந்தார். வயது 46.

அவர்தான் "லோரன்ஸ் ஒஃப் அரேபியா" என்று உலகம் அறிந்த ரி. ஈ. லோரன்ஸ். உஸ்மானிய ஆட்சியின் கடைசி வருடங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரில் கசப்பு இருக்கும். அந்த அரசியல் இந்தப் பதிவுக்கு வேண்டாம். நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான். அவர் பைக்குக்குப் புதியவர் அல்ல. அதே கம்பனியின் பைக்குகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வாங்கி வருடக்கணக்காக ஓட்டியவர். அனுபவம் இருந்தது. தலையில் ஹெல்மெட் இருக்கவில்லை.

அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ், அவுஸ்திரேலியாவில் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அந்த மரணம் அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் செய்தி கொண்டுபோகும் இராணுவ மோட்டார் சைக்கிள்காரர்கள் தலை உடைந்து செத்துக்கொண்டிருந்ததைக் கணக்கெடுத்தார். 1941இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். போரின் முதல் 21 மாதங்களில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் பின்னால் இருந்தவர்களும் இறந்திருந்தார்கள். ஹெல்மெட் போட்டிருந்து அடிபட்டவர்களில் ஏழு பேரைத்தான் அவரால் அப்போது பார்க்க முடிந்தது. அந்த ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

அந்த வருடமே இராணுவம் கடமையில் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு? 1973 ஜூன் 1. கட்டுரை வந்து 32 வருடங்களுக்குப் பிறகு!

ஒரு விடயம் உண்மை என்று தெரிந்த பிறகும் அதைச் சட்டமாக்க ஒரு நாட்டுக்கு ஒரு தலைமுறை எடுக்கிறது. சட்டம் வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

எல் போர்ட்டில் இருந்த ஓட்டை

சரி, பரீட்சை வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

பரீட்சை வேறு, பயிற்சி வேறு. ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். படிப்பிக்காமல் பரீட்சை மட்டும் வைத்தால் என்ன நடக்கும்? பிள்ளை பரீட்சைக்கு வருவது எதுவோ அதை மட்டும் பாடமாக்கிக்கொண்டு வரும்.

பிரித்தானியாவில் ஒரு எல் போர்ட்டைக் கட்டிக்கொண்டு, ஒரு பாடமும் எடுக்காமல் 17 வயதுப் பிள்ளை நேரே வீதிக்கு இறங்கலாம். கார் பழகுபவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். பைக்கில் அப்படி யாரை இருத்துவது? தனியாகவே போகலாம். 1960களின் தொடக்கத்திலிருந்து பழகுபவர் 250 சிசிக்கு மேல் ஓட முடியாது என்று எல்லை போட்டார்கள். 1970களின் கடைசியில் ஜப்பான் கம்பனிகள் மணிக்கு 100 மைல் ஓடும் என்று விளம்பரம் செய்து 250 சிசி பைக்குகளை விற்றன. சட்டப்படி அதுவும் பழகுபவரின் பைக்தான்!

16 வயதுக்காரர்கள் கதையும் இதுதான். 1971 டிசம்பரில் அவர்களுக்கு 50 சிசி, பெடல் உள்ள மொபெட் மட்டும் என்று சட்டம் வந்தது. கம்பனிகள் என்ன செய்தன? ரேஸ் பைக் மாதிரியே ஒரு 50 சிசி செய்து, அதில் பெயருக்கு இரண்டு பெடலைப் பூட்டி விற்றன. யமஹாவின் எஃப்எஸ்1-ஈ அப்படி வந்து அந்தக் காலத்துப் பையன்களின் கனவு வாகனமானது. அரசாங்கம் 1977இல் மணிக்கு 30 மைல் என்று வேகத்தையே கட்ட வேண்டி வந்தது.

பரீட்சை எப்படி இருந்தது தெரியுமா? பரீட்சகர் நடைபாதையில் நிற்பார். ஓட்டுபவர் அந்த வளவைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். ஏதோ ஒரு சுற்றில் பரீட்சகர் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் வருவார், உடனே நிறுத்திக் காட்ட வேண்டும். தெரு மூலைக்கு அந்தப் பக்கம் அவன் எப்படி ஓட்டினான் என்று பரீட்சகருக்குத் தெரியவே தெரியாது. 1989இல்தான் பரீட்சகர் இன்னொரு பைக்கில் பின்னால் போய்ப் பார்ப்பது கட்டாயமானது.

1980களின் தொடக்கத்தில் பழகுபவருக்கு 125 சிசி எல்லை போட்டார்கள், இரண்டு வருடக் காலக்கெடுவும் வைத்தார்கள். உண்மையான திருப்பம் 1990 டிசம்பர் 1இல் வந்தது. அதன் பெயர் கட்டாய அடிப்படைப் பயிற்சி. இது பரீட்சை அல்ல. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. ஐந்து கட்டங்கள். முதலில் பேச்சும் கண்பார்வைச் சோதனையும். பிறகு வாகனம் செல்லாத ஒரு வெளியில் பைக்கைப் பற்றிய அறிமுகம். அங்கேயே ஓட்டிப் பழகுதல், பிரேக் பிடித்தல், திரும்புதல். பிறகு வீதி பற்றிய விளக்கம். கடைசியாகக் குறைந்தது இரண்டு மணித்தியாலம் உண்மையான வீதியில் பயிற்றுநரோடு ஓட்டம். வீதியில் ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை. "இவரை வீதியில் தனியே விடலாம்" என்று பயிற்றுநருக்குத் திருப்தி வந்தால்தான் சான்றிதழ். அது வரும் வரை எல் போர்ட்டோடுகூட வீதிக்கு இறங்க முடியாது.

முழுப் பயிற்சியும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். அந்த ஒரு நாளைக் கட்டாயமாக்க அந்த நாட்டுக்கு 1904இலிருந்து 86 வருடங்கள் எடுத்தன. இன்றும் குறை இல்லாமல் இல்லை. சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும், முடிந்ததும் திரும்ப ஒரு நாள் போய்ப் புதுப்பித்து, முழு லைசன்ஸ் எடுக்காமலே ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் "முதலில் பழகு, பிறகு வீதி" என்ற ஒழுங்கு அங்கே நிலைத்துவிட்டது.

நூற்றுக்கு 92

இப்போது எங்கள் வகுப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். அதே கேள்வியை 1970களில் அமெரிக்காவில் ஒருவர் கேட்டார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹரி ஹேர்ட். அவருடைய குழு லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏறத்தாழ 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. ஆயிரக்கணக்கான பொலிஸ் அறிக்கைகளையும் பார்த்தது. அறிக்கை 1981இல் வெளியானது.

விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி எதுவும் இல்லாதவர்கள். தாங்களாகவே பழகியவர்கள், அல்லது வீட்டாரிடமும் கூட்டாளிகளிடமும் பழகியவர்கள்.

"காக்கா, சேர்." "மாமா." "நானாப் பழகின, சேர்."

அந்த அறிக்கையில் இன்னொரு முடிவும் இருந்தது. வாசித்தபோது எங்களுக்குக் கை நடுங்கியது. ஆபத்து வரும் நேரம் பெரும்பாலான ஓட்டுநர்கள் பின் பிரேக்கை இறுக மிதித்துப் பின் சில்லை இழுபட வைக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிப்பதில்லை. தாரில் நாங்கள் பார்த்த அந்தக் கறுப்புக் கோடு! லொஸ் ஏஞ்சல்ஸிலும் அதே கோடுதான்.

காரணம் எளிது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னுக்கு வருகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது சாரதி பிரேக் அடித்தால் நாம் முன்னால் சாய்வோமே, அதேதான். பாரம் முன்னுக்கு வந்ததும் பின் சில்லு இலேசாகிவிடும், அதற்கு வீதியில் பிடிமானம் குறைந்துவிடும். பைக்கை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைத் திடீரென்று இழுக்காமல் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். மணல் கிடக்கும் இடத்திலும் வளைவிலும் எப்படிப் பிடிப்பது என்பதைத் தனியாகப் பழக வேண்டும். இது கதை கேட்டு வருவதில்லை. ஒரு வெளியில் இருபது முப்பது தரம் செய்து பார்த்தால்தான் கைக்கு வரும்.

ஜப்பான்: ஒரு பலகையும் மூன்று "கூடாது"களும்

நம் வீதிகளில் ஓடும் ஹொண்டா, யமஹா, சுசுகி எல்லாவற்றுக்கும் தாய்நாடு ஜப்பான். அங்கே லைசன்ஸ் எடுப்பது எப்படி?

1960களின் நடுப்பகுதி வரை கார் லைசன்ஸ் எடுத்தால் மோட்டார் சைக்கிளும் ஓட்டலாம். பிறகு பிரித்தார்கள். 1975இல் 125 சிசி வரை, 400 சிசி வரை, அதற்கு மேல் என்று மூன்றாக்கினார்கள். மேல் வகையை ஓட்டுநர் பாடசாலையில் படித்து எடுக்க முடியாது. நேரே பரீட்சை நிலையத்துக்குப் போய் எடுக்க வேண்டும், அது மிகக் கடினம், திரும்பத் திரும்பப் போனவர்கள் ஏராளம். 1996இல்தான் அதையும் பாடசாலையில் படித்து எடுக்க வழி விட்டார்கள்.

இன்று வேறு லைசன்ஸ் எதுவும் இல்லாத ஒருவர் 400 சிசி வரையான லைசன்ஸுக்குப் பாடசாலையில் சேர்ந்தால் 19 மணித்தியாலம் ஓட்டப் பயிற்சி, 26 மணித்தியாலம் வகுப்பறைப் பாடம். விழுந்த பைக்கை நிமிர்த்தப் பழக்குகிறார்கள். 15 மீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் அகலமான ஒடுங்கிய பலகை மாதிரியான பாதையில் 7 செக்கனுக்குக் குறையாமல் மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். வேகமாகப் போனால் புள்ளி குறையும்! அதோடு மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, காய்ந்த தரையில் 11 மீற்றருக்குள் நிறுத்திக் காட்ட வேண்டும். சறுக்காமல், இரண்டு பிரேக்கும் பிடித்து.

எங்கள் மாணவன் அந்த 11 மீற்றரை வாழ்க்கையில் ஒரு நாளும் பழகியிருக்கவில்லை.

ஜப்பானின் கதையில் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முக்கியமான அத்தியாயம் உண்டு. அங்கே 16 வயதில் பைக் லைசன்ஸ் எடுக்கலாம். 1970கள், 80களில் கூட்டமாகப் பைக்கில் அலைந்து அட்டகாசம் செய்யும் இளைஞர் கும்பல்கள் பெருகின. 80களின் தொடக்கத்தில் பொலிஸ் கணக்கில் அவர்களின் எண்ணிக்கை 40,000ஐத் தாண்டியது. மாணவர் மரணங்களும் கூடின. பயந்துபோன பெற்றோரும் பாடசாலைகளும் ஒரு முடிவெடுத்தார்கள். 1982இல் உயர்நிலைப் பாடசாலைகளின் தேசிய பெற்றோர் ஆசிரியர் சம்மேளனம் மூன்று "கூடாது"களைத் தீர்மானமாக நிறைவேற்றியது. லைசன்ஸ் எடுக்க விடக்கூடாது. பைக் வாங்கிக் கொடுக்கக்கூடாது. ஓட விடக்கூடாது.

சட்டம் அனுமதித்ததைப் பாடசாலை தடுத்தது. மீறிய பிள்ளைகளைப் பாடசாலையை விட்டு நிறுத்தினார்கள். சில விவகாரங்கள் நீதிமன்றம் வரை போயின. வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து ஓடியவர்களும் இருந்தார்கள்.

பல வருடங்கள் கழித்து வேறொரு கேள்வி எழுந்தது. மூன்று வருடம் தடுத்தோம், சரி. பாடசாலை முடிந்த அடுத்த நாள் பிள்ளை வீதிக்கு இறங்கும்போது அவனுக்கு நாம் என்ன படிப்பித்து அனுப்பினோம்? ஒன்றுமில்லையே! சைத்தாமா மாகாணம் மிகக் கடுமையாக இந்தத் தடையைப் பின்பற்றிய இடங்களில் ஒன்று. அங்கே நிபுணர் குழு வைத்து ஆராய்ந்து, 2019 ஏப்ரலில் தடையை எடுத்தார்கள். பதிலாக, லைசன்ஸ் எடுக்கும் மாணவர் பாடசாலைக்கு அறிவித்து, பாதுகாப்பு ஓட்டப் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்று ஒழுங்கு செய்தார்கள்.

தடுப்பது சுலபம், பழக்குவதுதான் வேலை. பாடசாலையில் நாங்களும் பல விடயங்களில் செய்யும் பிழை இது. அதை ஒத்துக்கொள்கிறோம்.

ஐரோப்பாவின் படிக்கட்டு

ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜனவரி 19 முதல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே ஒழுங்கைக் கொண்டுவந்தது. சிறிய மொபெட்டுக்கு ஒரு வகை. அடுத்தது 125 சிசி, 11 கிலோவாட் வரை. அதற்கடுத்தது 35 கிலோவாட் வரை. கடைசியாக எல்லையில்லாத வகை. நடு வகையில் இரண்டு வருடம் ஓடியவர் மேல் வகைக்குப் போகலாம். நேரே போக விரும்பினால் 24 வயது வரை பொறுக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, சிசி கணக்கை மட்டும் நம்பாமல் என்ஜினின் சக்தியையும் பைக்கின் பாரத்தையும் சேர்த்து அளக்கிறார்கள். பிரித்தானியாவின் 250 சிசிக் கதை கற்றுத் தந்த பாடம். அவுஸ்திரேலியாவும் பழகுபவருக்கான பைக்கை அப்படித்தான் அளக்கிறது. 660 சிசிக்கு மேல் போகக்கூடாது, ஒரு தொன் பாரத்துக்கு 150 கிலோவாட் கணக்கையும் தாண்டக்கூடாது.

இந்தோனேசியாவின் "8"

கடைசியாக நம் கிழக்குப் பக்கத்து நாடு. வீதியெல்லாம் பைக் நிறைந்த இந்தோனேசியா. அங்கேயும் லைசன்ஸ் பரீட்சையில் "8" போட வேண்டும், வளைந்து வளைந்து தூண்களுக்கிடையே ஓட வேண்டும். பலர் அதிலேயே விழுந்தார்கள். 2023 ஜூனில் அந்நாட்டுப் பொலிஸ் மா அதிபரே இதைப் பகிரங்கமாகக் கேலி செய்தார். இதில் பாஸாகிறவர் சர்க்கஸில் சேரலாம் என்ற கருத்தில் பேசி, தேவைக்கேற்ப மாற்றச் சொன்னார். அந்த ஓகஸ்ட் 4 முதல் "8" எடுக்கப்பட்டு "எஸ்" வடிவப் பாதை வந்தது. பாதையின் அகலமும் கூட்டப்பட்டது.

சிலர் "பரீட்சையை இலேசாக்கிவிட்டார்கள்" என்றார்கள். சிலர் "வீதியில் யார் 8 போடுகிறார்கள்" என்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் "8"ஐ வைப்பதா எடுப்பதா என்பதை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பரீட்சைக்கு முன்னால் பிள்ளைக்கு யார் பழக்கினது? ஜப்பானின் பலகையும் ஒரு வித்தைதான். ஆனால் அங்கே 19 மணித்தியாலம் பழக்கிய பிறகே அந்தப் பலகையில் ஏற்றுகிறார்கள்.

நாம்

நம் நாட்டில் அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். பைக் லைசன்ஸுக்கு 18 வயது. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் அனுமதிப்பத்திரம், பிறகு ட்ரயல். 100 சிசி வரை ஒரு வகை, அதற்கு மேல் ஒரு வகை. மேல் வகை கையில் வந்த நாளே எவ்வளவு பெரிய பைக்கிலும் ஏறலாம், இடையில் படிக்கட்டு இல்லை. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாங்கள் ட்ரயல் போன நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "8" போட்டோம், பாஸானோம், பாபத் சோறு சாப்பிட்டு வந்தோம். வேகமாக வந்து நிறுத்திக் காட்டும்படி அன்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. முன் பிரேக்கைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மைதானத்தில் சொன்ன அந்தப் பிழையான வசனம் மட்டும்தான். அதோடு பதினைந்து வருடம் ஓடியிருக்கிறோம். அல்லாஹ் காப்பாற்றினான், நமது திறமை அல்ல.

இந்த நூறு வருடக் கதையில் எங்களுக்கு விளங்கியது இவ்வளவுதான். பிரித்தானியாவில் லைசன்ஸ் முதலில் ஒரு ரசீதாக இருந்தது. பிறகு பரீட்சையானது. கடைசியில்தான் படிப்பானது. ஒவ்வொரு படிக்கும் இடையில் ஆயிரக்கணக்கான ஜனாஸாக்கள். நாம் இரண்டாவது படியில் நிற்கிறோம். மூன்றாவதுக்குச் சட்டம் எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் 1941க்கும் 1973க்கும் இடையில் ஹெல்மெட் போடுவதை யாரும் தடுக்கவில்லையே! சட்டம் வரும் முன்னரே நல்லதைச் செய்யலாம்.

ஆகவே பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள்.

1. 18 வயதும் லைசன்ஸும் வரும் வரை திறப்பைக் கொடுக்காதீர்கள். "கடைக்குத்தானே, கிட்டத்தானே" என்ற பேச்சு வேண்டாம். எங்கள் மாணவன் விழுந்த இடம் அவன் வீட்டிலிருந்து 400 மீற்றர்கூட இல்லை.

2. கொடுக்காமல் விட்டால் மட்டும் போதாது. ஜப்பானின் பாடம் அதுதான். வயது வந்ததும் பழக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒழுங்காகப் பழகவிடுங்கள். முதல் பாடம் ஓடுவது அல்ல, நிறுத்துவது.

3. பழக்கும் காக்காமார், மாமாமார் கவனிக்க: "முன் பிரேக்கைத் தொடாதே" என்று இனிமேல் சொல்லாதீர்கள். உங்களுக்கே சரியாகத் தெரியாவிட்டால் நீங்களும் முதலில் பழகுங்கள். அதில் வெட்கம் இல்லை.

4. ஹெல்மெட் பொலிஸுக்காக அல்ல. பட்டியைக் கட்டாமல் தலையில் வைப்பது தொப்பி போட்டதற்குச் சமம். பின்னால் இருக்கும் உம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒன்று வேண்டும்.

5. ஊரில் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் இருந்தால் முன்வாருங்கள். விடுமுறை நாளில், அதிபரின் அனுமதியோடு, லைசன்ஸ் வயது வந்த பழைய மாணவர்களுக்கு மைதானத்தில் ஒரு காலைப்பொழுது பிரேக் பயிற்சி வைக்கலாம். மைதானத்துக்கும் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கும் நாங்கள் பொறுப்பு. கொமென்டில் சொல்லுங்கள், அல்லது பாடசாலையில் வந்து சந்தியுங்கள்.

அந்த மாணவன் இப்போது நன்றாக இருக்கிறான். போன கிழமை சந்தியில் கண்டோம். பைக்கில்தான் வந்தான், ஹெல்மெட் பட்டி கட்டியிருந்தது. இந்த விசயம் எழுதப்போகிறோம், உன் கதையும் வரும், பரவாயில்லையா என்று கேட்டோம்.

"எழுதுங்க சேர்" என்றான். "முன் பிரேக் கதைய மறக்காம போடுங்க. என்ட தம்பிக்கு நான்தான் இப்ப பழக்குறன். மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுத்த."

தம்பிக்கு எத்தனை வயது என்று கேட்டோம்.

"பதினாறு, சேர்."

நாங்கள் ஒன்றும் பேசாமல் அவனைப் பார்த்தோம். அவனுக்கு விளங்கிவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"சரி சேர், வளவுக்குள்ள மட்டும். ரோட்டுக்கு விட மாட்டன், வயசு வரும் வரைக்கும்."

அந்த வாக்குறுதியை நாம் எல்லோரும் நம் வீட்டிலும் கொடுப்போம். பயனுள்ளதென்று நினைத்தால் உங்கள் குடும்பக் குரூப்களில் பகிருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.